இடது மணிக்கட்டில் சிவப்புக் கிளிப்

ஈசிஜி எடுக்கும் வேலையில் சேர்ந்த முதல் மூன்று வருஷமும் நான் எதை எடுக்கிறேன் என்று எனக்கே தெரியாது. இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. பென்ஷன் எடுத்துவிட்டேன், இனி யாரும் என்னை இடமாற்றம் செய்ய முடியாது. புதிதாக வந்திருக்கும் நீங்கள் முறையாகப் படித்து, சான்றிதழ் வாங்கி, புத்தம் புது மெஷினோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த மெஷின் கடதாசியின் மூலையில் தானே ஒரு முடிவையும் அச்சடித்துத் தருகிறதாம். நல்லது. எங்கள் காலத்து மெஷினுக்கு அந்த வாய் இருக்கவில்லை. கோடு போடும், அவ்வளவுதான்.

எனக்குச் சொல்லித்தந்ததும் அவ்வளவுதான். சிவப்புக் கிளிப் வலது கைக்கு, மஞ்சள் இடது கைக்கு, பச்சை இடது காலுக்கு, கறுப்பு வலது காலுக்கு. நெஞ்சில் ஆறு ரப்பர் குமிழ், நெஞ்செலும்பிலிருந்து இடது அக்குள் பக்கமாக வரிசையாக. ஜெல் பூசு, பட்டனை அமுக்கு, கடதாசியைக் கிழி, பெயரை எழுது, அடுத்த ஆள். கண்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரி அது. பெயர் வேண்டாம், அங்கே இன்னும் நல்ல மனிதர்கள் வேலை செய்கிறார்கள். கிளினிக் நாட்களில் நாற்பது, ஐம்பது பேர் வருவார்கள். இப்படியே ஆயிரக்கணக்கான இதயங்களைக் கிழித்து, பெயர் எழுதிக் கொடுத்திருப்பேன்.

நாவலப்பிட்டியில் இருந்து ஒரு பெரியவர் கிளினிக்குக்கு வருவார். ரயில்வேயில் சிக்னல் போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் நான் கிழித்த கடதாசியை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்துவிட்டு, சில கோடு மேலே போகிறது, சில கோடு கீழே போகிறது, ஒரே நெஞ்சுதானே, ஏன் இப்படி என்று கேட்டார். அதெல்லாம் டொக்டர் பார்ப்பார் என்றேன். அவர் விடவில்லை.

"அப்ப ஒங்களுக்குத் தெரியாதா, மிஸ்?"

குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். தன் கையால் இழுக்கும் நெம்புகோல் எந்தத் தண்டவாளத்தைத் திருப்புகிறது என்று தெரியாமல் ஒருவர் வேலை பார்க்க முடியுமா என்பது அவருடைய சந்தேகம். அன்றைக்கு முழுக்க எனக்கு எரிச்சலாக இருந்தது. வீட்டுக்குப் போய் மீன் குழம்பில் உப்பை இரண்டு தரம் போட்டேன்.

அப்போது எங்கள் வார்ட்டில் யாழ்ப்பாணத்து லேடி டொக்டர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். வார்ட்டில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் என்பதால் கன்டீனில் ஒரே மேசைக்கு வருவோம். அவரிடம் கேட்டேன். கேட்பதற்கு எனக்கு மூன்று நாள் பிடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷம் செய்த வேலையைப் பற்றி ஒருவரிடம் போய், இது என்ன என்று கேட்பது அத்தனை சுலபமில்லை.

அவர் சிரிக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "நீங்கள் பதியிறது துடிப்பை இல்லை, அக்கா. துடிக்கச் சொல்லி அதுக்கு முன்னாலை ஓடுற கட்டளையை" என்றார்.

நான் அதுவரை அது துடிப்பு என்றுதான் நினைத்திருந்தேன். அவர் சொன்னதை நான் விளங்கிக்கொண்டபடி சொல்கிறேன். இதயத் தசையின் ஒவ்வொரு கலமும், அதாவது செல்லும், சும்மா இருக்கும்போது உள்ளே மறை மின்னேற்றமும் வெளியே நேர் மின்னேற்றமுமாக ஆயத்த நிலையில் காத்திருக்கிறது. இதயத்தின் மேலே, வலது பக்க மூலையில் இருக்கும் ஒரு சின்ன இடம் முதலில் கிளம்புகிறது. கலத்தின் சுவரில் கதவுகள் திறக்கின்றன. வெளியே உப்பு நீரில் இருக்கும் சோடியம் உள்ளே பாய்கிறது. மறை இருந்த இடத்தில் நேர் வந்துவிடுகிறது. இந்தப் புரளலுக்குத்தான் டீபோலரைசேஷன் என்று பெயர். ஒரு கலம் புரண்டால் பக்கத்துக் கலம் சும்மா இருக்காது, அதுவும் புரளும். அது அடுத்ததைப் புரட்டும். இந்த அலை இதயம் முழுக்க ஓடிய பிறகுதான், அதன் பின்னாலேயே, தசை சுருங்குகிறது. பிறகு எல்லாக் கலமும் பழைய நிலைக்குத் திரும்பி அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும். அந்தத் திரும்புதலுக்கும் கடதாசியில் ஒரு மேடு உண்டு.

நாங்கள் வேதக்காரர்கள். ஈஸ்டர் திருவிழிப்பில் பீடத்தில் ஏற்றிய ஒரு மெழுகுதிரியிலிருந்து முன்வரிசை பற்றவைக்கும், அதிலிருந்து அடுத்த வரிசை, அதிலிருந்து அதற்கடுத்தது. ஆட்கள் யாரும் இடம் மாறுவதில்லை, வெளிச்சம் மட்டும் வாசல் வரைக்கும் நடந்து வரும். எனக்கு அது சட்டென்று பிடிபட்டது, அவரிடமே சொன்னேன். அப்போது டொக்டர், வாசலில் நிற்கிறவருக்கு வெளிச்சம் வருகிற மாதிரித் தெரியும், பீடத்தில் நிற்கிறவருக்குப் போகிற மாதிரித் தெரியும், ஈசிஜி கிளிப்பும் அப்படித்தான் என்றார். அலை தன்னை நோக்கி வந்தால் மெஷின் மேலே வரையும். விலகிப் போனால் கீழே வரையும். குறுக்கே போனால் சிறிதாக எதையோ வரைந்துவிட்டுப் பேசாமல் இருக்கும். ஒரே அலைதான், பார்க்கிற இடம்தான் பன்னிரண்டு: கை கால் கிளிப்புகளை மாற்றி மாற்றிச் சேர்த்து ஆறு, நெஞ்சில் ஆறு. நாவலப்பிட்டிப் பெரியவருக்கு அடுத்த கிளினிக்கில் இதைச் சொன்னேன். அவருக்கு இருந்த சந்தோஷத்தைவிட எனக்கிருந்த சந்தோஷம் பெரியது.

அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்தது. மதியம் கிளினிக் கலைந்ததும் நானே கட்டிலில் படுத்து எனக்கே ஈசிஜி எடுப்பேன். சிவப்பையும் மஞ்சளையும் மாற்றிப் போட்டு ஒன்று. மஞ்சளையும் பச்சையையும் மாற்றிப் போட்டு ஒன்று. குமிழ்களை ஒரு விலா மேலே ஏற்றி ஒன்று. கம்பியை மாற்றினால் என் இதயம் மாறுவதில்லை, ஆனால் கடதாசி தலைகீழாகிவிடுகிறது என்பதைப் பார்க்கப் பார்க்க அலுக்கவேயில்லை. ஸ்டோர்காரர் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இந்த வார்ட்டுக்கு மட்டும் கடதாசி ரோல் ஏன் இப்படிப் போகிறது என்று விசாரணைக்கு வந்தார்.

ஆனால் பலன் இருந்தது. கை கிளிப் மாறியிருந்தால் ஒரு பார்வையில் சொல்லிவிடுவேன். இரண்டு கைக்கும் நடுவே பார்க்கிற முதலாம் கோட்டில் எல்லாமே கவிழ்ந்திருக்கும். நான் லீவில் இருக்கும் நாட்களில் வேறு யாராவது அவசரத்தில் எடுத்த கடதாசியை அடுத்த நாள் பார்த்து, இது கை மாறியது, திரும்ப எடுக்க வேண்டும் என்று சொல்வேன். ஒரு தரமும் நான் சொன்னது பிழையானதில்லை. பக்கத்து வார்ட்டில் இருந்துகூடக் கொண்டுவந்து காட்டுவார்கள். நான் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டு, தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டுவேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போது எனக்கே என்னை நாலு சாத்துச் சாத்தலாம் போலிருக்கிறது.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். கை மாறி எடுத்துவிட்ட கடதாசி ஃபைலுக்குள் போகக்கூடாது என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம். பிழையானதைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டு, திருத்தி எடுத்ததை மட்டும் கொடுப்போம். டொக்டர் குழம்பவும் வேண்டாம், நாங்கள் பேச்சு வாங்கவும் வேண்டாம். எல்லாரும் செய்தார்கள், நானும் செய்தேன். நீங்களும் செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

அன்றைக்குத் திங்கட்கிழமை, காலை பத்து மணி இருக்கும், நல்ல மழை. நான் டியூட்டியில் இருந்த அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலுக்கு ஒரு பஸ் வந்து நின்றது. ஆம்புலன்ஸ் இல்லை, புசல்லாவையிலிருந்து கண்டிக்குப் போகும் பிரைவேட் பஸ், உள்ளே ஆட்கள் நிறைய. கண்டக்டருக்கு நெஞ்சு வலி வந்திருக்கிறது. டிரைவர் வேறு யோசனை எதுவும் செய்யாமல், பயணிகளோடு சேர்த்து பஸ்ஸையே ஆஸ்பத்திரிக்குள் திருப்பிவிட்டார். கந்தோருக்கு, வேலைக்கு லேட்டாகிறது என்று சத்தம் போட்டவர்களும் கண்டக்டரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டுத்தான் சத்தம் போட்டார்கள்.

பெயர் பாலகிருஷ்ணன், நாற்பத்தாறு வயது. கறுப்பாக, கட்டையாக, அந்த வலியிலும் வாய் ஓயாத மனிதர். மிச்சக் காசு இரண்டு பேருக்குக் கொடுக்கவில்லை, சிவப்புக் குடை பிடித்த அம்மாவும் ஒரு ஸ்கூல் பிள்ளையும் என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. உடம்பெல்லாம் நனைந்திருந்தது, மழையா வியர்வையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

டியூட்டியில் இருந்தவர் சிங்கள டொக்டர், இளவயது, வேலைக்கு வந்து சில மாதம்தான். தமிழ் அவருக்கு வராது, கண்டக்டருக்கோ பஸ்ஸில் பேசும் சிங்களம் வலியில் மறந்துவிட்டது. நான்தான் இடையில் நின்றேன். எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். வலது கையால் வலது நெஞ்சை அழுத்திக் காட்டி, வலது தோளுக்கு ஏறுகிறது என்றார். அதைச் சிங்களத்தில் சொன்னேன். வலது பக்கமா, நிச்சயமா என்று டொக்டர் திரும்பக் கேட்டார். நானும் திரும்பக் கேட்டேன். வலதுதான். காலையில் சாப்பிட்டாரா என்று அடுத்த கேள்வி. சாப்பிடவில்லை, கம்பளையில் பால் இல்லாத ஒரு பிளேன்டியும் ரோல்ஸும் மட்டும். டொக்டரின் முகத்தில் ஓர் ஆறுதல் வந்தது. கேஸ்ட்ரைட்டிஸ், வயிற்றுக் கேஸ் என்று அவர் பாதி முடிவுக்கு வந்துவிட்டார்.

நான் கிளிப் போட்டு, குமிழ் வைத்து, பட்டனை அமுக்கினேன். முதலாம் கோடு கவிழ்ந்து வந்தது. எல்லாமே கவிழ்ந்திருந்தது.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவசரத்தில் நானே கையை மாற்றிவிட்டேன், பார்த்தாயா என்று என்னையே கேலி செய்துகொண்டேன். கடதாசியைக் கிழித்துக் கசக்கிக் கூடையில் போட்டேன். கண் கடதாசியில், கை மணிக்கட்டில். இரண்டு கிளிப்பையும் கழற்றி இடம் மாற்றிப் போட்டேன். நிறத்தைப் பார்க்கவில்லை. திரும்ப அமுக்கினேன். முதலாம் கோடு நிமிர்ந்து, படத்தில் போடுகிற மாதிரி அழகாக வந்தது.

நெஞ்சுக் குமிழ்களின் கோடுகள் மட்டும் அழகாக இல்லை. ஒன்றிலிருந்து ஆறு வரை போகப் போக வளர வேண்டியவை, தேய்ந்துகொண்டே போய் ஆறாவதில் புழு மாதிரிக் கிடந்தது. நனைந்த உடம்பு, குமிழ் சரியாக ஒட்டவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதலாம் குமிழின் கோடு கொஞ்சம் தூக்கியிருந்தது. அது சுகமாக இருக்கிறவர்களுக்கும் சில நேரம் அப்படி இருக்கும். டொக்டரும் அதைத்தான் நினைத்திருப்பார். கடதாசியைப் பார்த்தார், ஸ்டெதஸ்கோப்பை இடது நெஞ்சில் வைத்துக் கேட்டார், கேஸுக்கு மருந்து எழுதினார். ஒரு மணி நேரம் வெளியே வாங்குப் பலகையில் உட்காரட்டும், வலி குறைந்தால் போகலாம் என்றார்.

கிளிப்பைக் கழற்றும்போதுதான் பார்த்தேன். சிவப்புக் கிளிப் அவருடைய இடது மணிக்கட்டில் இருந்தது.

பார்த்தேன் என்பது உண்மை. ஆனால் அடுத்த ஆளைப் படுக்க வைத்திருந்தார்கள். ஜெல்லைத் துடைத்துக்கொண்டு அங்கே போனேன். அவருக்குப் பிறகு இன்னொருவர், பிறகு ஒரு கர்ப்பிணிப் பெண். கை வேலை செய்துகொண்டிருந்தது, மண்டைக்குள் அந்தச் சிவப்பு நின்றுகொண்டே இருந்தது. பயமாக இல்லை. ஒரு கணக்கு சரிவராத அரிப்பு, அவ்வளவுதான். அந்த அரிப்பை நீங்கள் ஒரு நாளும் உதறிவிடாதீர்கள் என்பதற்காகவே இந்த இடத்தில் நின்று சொல்கிறேன்.

இரண்டாம் தரம் எடுக்கும்போது சிவப்பு இடது கையில் இருந்ததென்றால், முதல் தரம் அது வலது கையில் இருந்திருக்கிறது. அதாவது நான் முதலில் சரியாகத்தான் போட்டிருக்கிறேன். சரியாகப் போட்டும் கோடு கவிழ்ந்து வந்திருக்கிறது. அப்படியென்றால் மாறியிருந்தது கம்பி இல்லை. அலைதான் எதிர்ப் பக்கம் ஓடியிருக்கிறது.

அடுத்தது நெஞ்சுக் குமிழ். கை கிளிப் மாறினால் கையின் கோடுகள்தான் கவிழும், நெஞ்சு ஆறும் தம்பாட்டில் வளரும். என் உடம்பிலேயே எத்தனை தரம் எடுத்துப் பார்த்திருக்கிறேன். இவருக்கு ஆறும் தேய்ந்தன. அலை அந்தக் குமிழ்களை நோக்கி வரவில்லை, விலகிப் போய்க்கொண்டிருந்தது. ஒன்று கவிழ்ந்தது, மற்றது தேய்ந்தது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். அந்த மனிதரின் இதயம் வலது பக்கம் இருக்கிறது. அப்படிப் பிறக்கிறவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன், கண்டதில்லை. வலது பக்க வலி கேஸ் இல்லை. நான் குமிழ்களை வைத்தது இதயமே இல்லாத பக்கத்தில்.

அப்போதுதான் பயம் வந்தது. கர்ப்பிணிப் பெண்ணிடம் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினேன்.

வாங்கில் கண்டக்டரின் மனைவியும் வந்து உட்கார்ந்திருந்தார். சரோஜா என்று பெயர், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். யாரோ போன் செய்ய, மலையிலிருந்து இறங்கி, முச்சக்கர வண்டி பிடித்து வந்திருந்தார். கையில் மருந்துப் பை. வலி குறைந்துவிட்டது என்று கண்டக்டர் டொக்டரிடம் சொல்லிவிட்டாராம், போகலாம் என்று துண்டுச் சீட்டும் கொடுத்துவிட்டார்கள். முச்சக்கர வண்டி வாசலில் காத்திருந்தது. எனக்கு அவர் முகத்தைப் பார்த்தாலே போதும், குறையவில்லை. பஸ்ஸைத் தேடிப் போகும் அவசரத்தில் சொன்ன பொய்.

எழும்ப வேண்டாம் என்றேன். நெஞ்சு துடிப்பது எந்தப் பக்கம் தெரியும் என்று கேட்டேன். அவர் விழித்தார். பதில் சொன்னது சரோஜா.

"வலது பக்கந்தான் மிஸ். நான் கல்யாணங்கட்டி வந்த நாள்லேருந்து அப்படித்தான். தல வச்சிப் படுத்தா அந்தப் பக்கந்தான் கேக்கும்." பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டு, "ஆம்பளைங்களுக்கு அப்படித்தான்னு நெனச்சேன்" என்றார்.

சட்டைக்குள் கைவிட்டு வலது மார்புக்குக் கீழே விரலை வைத்தேன். இருந்தது. வேகமாக, ஒழுங்கில்லாமல் என் விரலை முட்டியது. ஒரு மணி நேரத்துக்கு முன் இதே நெஞ்சில் ஆறு குமிழ் வைத்தேன், ஒரு விரல் வைக்கத் தோன்றவில்லை.

அவரைத் திரும்ப உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்து, ஆறு குமிழையும் வலது பக்கம், கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திருப்பி வைத்து அமுக்கினேன். கோடுகள் வளர்ந்து வந்தன. வந்தவை கீழே இறங்கவில்லை. இறங்கித் தரையைத் தொட வேண்டிய இடத்தில் மூன்று கோடுகள் கூன் போட்டு மேலேயே நின்றன. அதை விளக்க உங்களுக்கு நான் தேவையில்லை. இரத்தக் குழாய் அடைத்து, தசை நிமிஷத்துக்கு நிமிஷம் செத்துக்கொண்டிருந்தது. அந்த மனிதரை நாங்கள் கேஸ் மருந்து கொடுத்து வாங்கில் உட்கார வைத்திருந்தோம்.

இந்த இடத்தில் எனக்குத் தப்பிக்க ஓர் ஓட்டை தெரிந்தது. மூன்றாவது கடதாசியை மட்டும் கொண்டுபோய், சந்தேகமாக இருந்தது, வலது பக்கமும் எடுத்துப் பார்த்தேன் என்று சொன்னால் போதும். பாராட்டுக்கூடக் கிடைக்கும். இரண்டு மூச்சு நேரம் அந்த ஓட்டையை நானும் பார்த்தேன், மறைக்கப் போவதில்லை. ஆனால் டொக்டர் இளம் ஆள். ஃபைலில் முதலாம் கோடு நிமிர்ந்த ஒரு கடதாசி அவர் கையெழுத்தோடு இருக்கிறது. அதை நம்புவதா, இதை நம்புவதா என்று அவர் தடுமாறினால் அந்தத் தடுமாற்றத்தின் விலை கண்டக்டருடையது. கூடையைக் கவிழ்த்தேன். ஜெல்லும் பஞ்சும் ஒட்டிக் கிடந்த முதல் கடதாசியை எடுத்து விரித்தேன். மூன்றையும் டொக்டரின் மேசையில் வரிசையாக வைத்து, முதலாவது சரி, இரண்டாவதில் நான் கையை மாற்றிவிட்டேன், மூன்றாவது வலது நெஞ்சு, இதயம் வலது பக்கம் இருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னேன். நான்கு வசனம்தான்.

அவர் மூன்றையும் பார்த்தார். எழுந்து போய் ஸ்டெதஸ்கோப்பை வலது நெஞ்சில் வைத்தார். வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குச் சத்தம் போட்டார், பெரிய டொக்டருக்குப் போன் செய்யச் சொன்னார், கண்டிக்கு ஆம்புலன்ஸ் ஆயத்தம் செய்யச் சொன்னார். ஊசி ஏறத் தொடங்கிய பிறகுதான் என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார். முதலில் இடது பக்கம் வைத்தபோது தனக்குச் சத்தமே சரியாகக் கேட்கவில்லையாம். தகரக் கூரையில் மழை பெய்கிற சத்தம் என்று நினைத்துவிட்டாராம்.

கண்டக்டருக்கு வாய் திரும்ப வந்ததும் அவர் பங்குக்கு ஒன்று சொன்னார். பல வருஷத்துக்கு முன் வெளிநாடு போக மெடிக்கல் எடுத்தபோது, எக்ஸ்ரே எடுத்தவர் படத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத் திருப்பிப் போட்டுப் பார்த்து, சரி என்றாராம். ஆக, அந்த மனிதரின் இதயம் தான் இருக்கும் இடத்தை எல்லாருக்கும் காட்டிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. எக்ஸ்ரேக்காரர் படத்தைத் திருப்பினார். டொக்டர் மழையைக் குற்றம் சொன்னார். நான் கம்பியை மாற்றினேன். அவரவர் படித்த படிப்புக்கு ஏற்றபடி திருத்தினோம். ஒன்றுமே படிக்காத சரோஜாவுக்கு மட்டும்தான் திருத்தத் தெரியவில்லை.

எனக்கு அலை எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியும், அதுதான் வினை. தெரியாத காலத்தில் இது நடந்திருந்தால் கவிழ்ந்த கோட்டை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன், டொக்டருக்காவது சந்தேகம் வந்திருக்கும். தெரிந்துகொள்ளாதீர்கள் என்று சொல்லவில்லை. தெரிந்த பிறகும் ஒரு தரம் விரலை வைத்துப் பாருங்கள், கிளிப்பின் நிறத்தைப் பாருங்கள். கடதாசி நீங்கள் எதிர்பார்த்த மாதிரி இல்லையென்றால், முதலில் அதைக் கேள்வி கேளுங்கள், உடனே அதன் வாயை அடைக்காதீர்கள். கூடையில் எதையும் போடாதீர்கள். பிழையான கடதாசி என்றால் பிழை என்று எழுதி ஃபைலில் வையுங்கள், பேச்சு வாங்குங்கள். பேச்சு வாங்கி யாரும் செத்ததில்லை.

ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்தபோது நானும் சரோஜாவும் வாங்கில் உட்கார்ந்திருந்தோம். கண்டக்டரின் வலி உண்மையிலேயே இறங்கிவிட்டது, கோடும் தரைக்கு வரத் தொடங்கியிருந்தது. இதயம் வேறு பக்கம் இருந்ததால் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரமாகிவிட்டது என்று டொக்டர் நான் மொழிபெயர்க்கச் சரோஜாவிடம் சொல்லியிருந்தார். அதில் பொய் எதுவும் இல்லை. சரோஜா ஈரச் சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"மொத தடவ எடுத்தப்பவே அது தெரிஞ்சிச்சா, மிஸ்?"

டொக்டர் சொன்னதையே நான் இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். "தெரிஞ்சிச்சு" என்றேன். "மிஷின் சரியாத்தான் காட்டுச்சு. நான்தான் பிழைன்னு நெனச்சி மாத்திட்டேன்."

"சரியா இருந்ததயா மாத்துனீங்க?"

"ஆமா."

அவர் தலைப்பை இன்னொரு தரம் பிழிந்தார். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கடைசியில், "அவருகிட்ட இதச் சொல்லிறாதீங்க. பஸ்ஸுல ஏறுற அத்தன பேருகிட்டயும் சொல்லிருவாரு" என்றார்.

கண்டியில் இருந்து கண்டக்டர் நல்லபடியாகத் திரும்பி, மூன்றாம் மாதம் கிளினிக்குக்கு வந்தபோது நானே அவரிடம் சொன்னேன். சரோஜா சொன்னது அப்படியே நடந்தது. அதற்குப் பிறகு புசல்லாவைப் பக்கத்தில் இருந்து வருகிறவர்கள் என் கட்டிலில் படுத்ததும், சட்டைப் பொத்தானைக் கழற்றுவதற்கு முன்னமே, "எனக்கு இடது பக்கந்தான் மிஸ், தொட்டுப் பாத்துட்டுத்தான் வந்தேன், மாத்திறாதீங்க" என்று சொல்லத் தொடங்கினார்கள். பென்ஷன் எடுக்கும் வரை சொன்னார்கள். சரி என்று சொல்லிவிட்டு, அவர்கள் ஒவ்வொருவரின் நெஞ்சிலும் நான் விரலை வைத்துப் பார்த்தேன்.